உட்காரும் அளவு

ஐம்பதைத் தாண்டிய அம்மா யாராவது பலாஸோ தைக்க வந்தால், டேப்பை எடுப்பதற்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போடுவேன். உட்காரச் சொல்வேன். மாடிப்படி ஏறி வந்த களைப்புக்கு உட்காரச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாக உட்காருவார்கள். நான் குனிந்து, இடுப்பில் டேப்பின் முனையை வைத்து, பக்கவாட்டில் ஸ்டூல் பலகை வரைக்கும் இறக்கி நோட்டில் எழுதும்போதுதான், "இது என்ன அளவு தாயி, புதுசா இருக்கு?" என்று கேட்பார்கள்.

புதுசு ஒன்றும் இல்லை, கவட்டை எவ்வளவு இறங்க வேண்டும் என்பதற்கான அளவு. ஆண்களுக்குப் பேண்ட் தைக்கும் பழைய மாஸ்டர்களுக்கு இது அத்துப்படி. பெண்களின் துணிக்கு வந்தபோது பாதிப் பேர் இதை விட்டுவிட்டார்கள். சுடிதார் பேண்டுக்கு நாடாதானே, எப்படித் தைத்தாலும் இழுத்துக் கட்டிக்கொள்வார்கள், மேலே டாப்ஸ் மூடிவிடும் என்ற மெத்தனம். ஒரு ஜாக்கெட்டுக்குக் கழுத்து, தோள், அக்குள் என்று பத்து இடத்தில் டேப்பை வைக்கும் ஊரில், பேண்டுக்கு நீளமும் சீட்டும் மட்டும் எடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு அது போதும். ஐம்பத்தைந்துக்குப் போதாது.

நான் தொழில் பழகியது என் மாமாவிடம். அவருக்குப் புதுமண்டபத்தில் மிஷின் இருந்தது. மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். தூணுக்குத் தூண் சிற்பம், சிற்பத்துக்குக் கீழே தையல் மிஷின். துணியைக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்குள் போனால், சாமி கும்பிட்டுத் திரும்புவதற்குள் தைத்து மடித்து வைத்திருப்பார்கள். இப்போது கடைகளையெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். மண்டபம் பார்க்க அழகாக, காலியாக இருக்கும். நான் பழகிய நாளில் அங்கே ஒருவர் தோளை ஒருவர் இடிக்காமல் துணியை விரிக்க முடியாது.

மாமா அங்கே வரும் கிராமத்து ஆட்களுக்குப் பேண்டும் டவுசரும் தைத்தார். பாதிப் பேர் தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர்கள், வரப்பில் குந்துகிறவர்கள். தைத்துக் கொடுத்ததும் அந்தக் கல்தரையிலேயே ஒருமுறை குந்தச் சொல்வார். பின்பக்கம் பிடிக்கிறதா, முன்பக்கம் மடிந்து வயிற்றில் குத்துகிறதா என்று அவரே பார்ப்பார். கவட்டை வளைவை எப்படிச் செதுக்குவது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றைக்கு நான் பேங்க் மேடங்களுக்கும் ரிட்டயர்டு டீச்சர்களுக்கும் தைக்கும் பலாஸோவில் போடுகிறேன்.

வயதானால் உடம்பு பெருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். அது இடம் மாறவும் செய்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு சதை இடுப்புக்குக் கீழே சேர்வது குறைந்து வயிற்றில் சேரும். பின்பக்கம் தட்டையாகும். முதுகு லேசாகக் கூன ஆரம்பித்தால் முன்பக்க உயரம் குறையும். மார்புக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்த இடைவெளி சுருங்கும். எடை மிஷினில் ஒரு கிலோகூட ஏறாமலே பழைய பேண்ட் பொருந்தாமல் போவது இதனால்தான். "நான் குண்டாகிட்டேன்" என்று என்னிடம் புலம்புகிறவர்களில் பல பேருடைய பழைய அளவை நோட்டில் எடுத்துப் பார்ப்பேன். சீட் அளவு அப்படியே இருக்கும்.

ஆகவே அளவெடுக்கும்போது நான் கேட்கிற முதல் கேள்வி, "தொப்பைக்கு மேலயா, கீழயாம்மா?" கேட்டதும் சிரிப்பார்கள், சிலர் கோபப்படுவார்கள். ஆனால் இதற்குப் பதில் தெரியாமல் கத்திரியைத் தொட முடியாது. புடவை கட்டிப் பழகியவர்கள் பாவாடை நாடாவை எங்கே கட்டுகிறார்களோ அங்கேதான் பேண்டையும் நிறுத்துவார்கள். சிலருக்குத் தொப்புளுக்கு மேலே, சிசேரியன் தழும்பில் படாமல். சிலருக்கு வயிற்றுக்குக் கீழே, பின்னால் மட்டும் உயர்ந்து, முன்னால் சரிந்து. ஒரு நாடாவைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்லி, இரண்டு முறை குனிந்து நிமிரச் சொல்வேன். நாடா எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அவருடைய இடுப்பு. புத்தகத்தில் போட்டிருக்கும் இடுப்பு யாருக்கும் உதவாது.

வயிற்றுக்கு மேலே கட்டுகிறவருக்கு முன்துண்டை ஒரு இஞ்ச், சமயத்தில் ஒன்றரை இஞ்ச் உயர்த்தி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் உட்கார்ந்து எழுந்ததும் பட்டி உருண்டு வயிற்றுக்குக் கீழே போய்விடும். நாள் முழுக்க டாப்ஸுக்குள் கையை விட்டு மேலே இழுத்துக்கொண்டே இருப்பார்கள். கீழே கட்டுகிறவருக்கு இதற்கு நேர்மாறு. முன்னால் குறைத்து, பின்னால் ஏற்ற வேண்டும். பின்பக்கம் தட்டையாகிவிட்டவருக்கு அந்த ஏற்றத்தையும் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். கூடிப்போனால் துணி பையாகத் தொங்கும். ரெடிமேடில் முன்துண்டும் பின்துண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருக்கும். இரண்டையும் ஒன்றாக அடுக்கி வெட்டினால் நேரம் மிச்சம். அதற்குப் பெயர் ஃப்ரீ சைஸ். எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே ஆகாது. யாருக்கு ஃப்ரீ? தைத்தவருக்குத்தான்.

உட்கார்ந்து எடுத்த அளவோடு ஒரு இஞ்ச் சேர்ப்பேன். ரொம்பப் பூசினாற்போல இருப்பவர்களுக்கு ஒன்றரை. அதற்கு மேல் சேர்த்தால் கவட்டை தொங்கி, நடக்கும்போது இரண்டு தொடைக்கும் நடுவில் துணி உரசிச் சத்தம் போடும். குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்கும்போது தெரியும்.

பலாஸோவில் எல்லோரும் கால் அகலத்தையே பார்க்கிறார்கள். போனில் படத்தைக் காட்டி, "இந்த அளவுக்கு விரியணும்" என்பார்கள். கால் அகலத்தில் தப்பு வந்தால் அரை மணி நேரத்தில் பிரித்துத் தைத்துவிடலாம். இடுப்புக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த எட்டு ஒன்பது இஞ்சில் தப்பு வந்தால் துணியே போச்சு. விரிவு எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்பதுதான் விஷயம். இடுப்புப் பட்டியிலேயே சுருக்கம் வைத்து, அங்கிருந்தே விரிந்தால் பாவாடை மாதிரி வயிற்றைச் சுற்றிப் பொங்கி நிற்கும். ஒடிசலான பெண்ணுக்கு அது அழகு. வயிறு உள்ளவருக்கு இன்னும் இரண்டு இஞ்ச் கூட்டிக் காட்டும். அதனால் முன்துண்டில் சுருக்கமே வைக்க மாட்டேன். முன்பட்டி தட்டை, எலாஸ்டிக் பின்னால் மட்டும். துணி வயிற்றின் மேலே வழுக்கி இறங்கி, சீட்டின் பருத்த இடத்தைத் தொட்ட பிறகு, அங்கிருந்து நேராகக் கீழே விழ வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. முன்பட்டி நீட்டம் கொடுக்காது என்பதால் பேண்டைச் சீட்டுக்கு மேலே ஏற்றுவது கஷ்டம். இடுப்பும் சீட்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை, வயிறு வைத்த அம்மாக்கள் பெரும்பாலும் அப்படித்தான். இடுப்பு சின்னது, தொடையும் பின்பக்கமும் பெரிது என்கிறவருக்கு, இரண்டுக்கும் பத்துப் பன்னிரண்டு இஞ்ச் வித்தியாசம் இருந்தால், இந்த வெட்டு ஏறாது. பக்கத்தில் ஜிப் வைக்கலாம். ஆனால் விரல் முட்டியில் வலி உள்ளவர்களுக்கு ஜிப்பும் கொக்கியும் எதிரி. அவசரத்துக்குப் பாத்ரூம் போகும்போது கை நடுங்கும். அவர்களுக்கு முன்பட்டியை நடுவில் மட்டும் ஆறேழு இஞ்ச் தட்டையாக விட்டு, இரண்டு பக்கமும் பின்னாலும் எலாஸ்டிக் கோர்த்துவிடுவேன். பார்வைக்கு முன்பக்கம் தட்டையாகவே இருக்கும். ஏறவும் செய்யும்.

எலாஸ்டிக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஒன்றரை இஞ்ச் அகலத்துக்குக் குறைந்ததை நான் தொடுவதில்லை. மெல்லிய எலாஸ்டிக் சதையை இரண்டாகப் பிரித்து, டாப்ஸுக்கு மேலே கோடு போட்டுக் காட்டும். சாயங்காலம் அவிழ்க்கும்போது தோலில் சிவப்பாகத் தடம். டைட்டாக இருந்தால்தான் நிற்கும் என்று நினைக்கிறார்கள். கவட்டை அளவு சரியாக இருந்தால் எலாஸ்டிக் லேசாகப் பிடித்தாலே போதும், பேண்ட் இறங்காது. ஆகவே காலை வெறும் வயிற்றில் அளவு கொடுக்க வருகிறவர்களை, சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எலாஸ்டிக்கோடு ஒரு நாடாவும் உள்ளே ஓடும். பாவாடை நாடாவை இழுத்து முடிந்தால்தான் உடுத்திய நிம்மதி வருகிறது என்பார்கள், அந்தத் தலைமுறை.

துணிக்கு வருவோம். விளக்குத்தூண் பக்கம் போனால் ரேயான் மலைபோலக் கிடக்கிறது. ரேயானுக்கு விழுகிற குணம் உண்டு, வியர்வையையும் உறிஞ்சும். விலையும் தாங்கும். பலாஸோவுக்கு அதைவிடப் பொருத்தமான துணி குறைவு. ஆனால் நனைந்தால் அதற்குப் பலம் போய்விடும். காய்ந்திருக்கும்போது உள்ள உறுதி ஈரத்தில் இருக்காது. நம் வீட்டுத் துவைக்கிற கல்லில் நாலு அடி வாங்கினால் சீட் தையல் ஓரத்தில் இழை விட்டுப் போகும். "உங்க தையல் விட்டுப்போச்சு" என்று சண்டைக்கு வருவார்கள். தையல் அப்படியே இருக்கும், அதை ஒட்டித் துணிதான் கிழிந்திருக்கும். ரேயான் வாங்கினால் கசக்கி அலசிப் போடுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித்தான் கொடுக்கிறேன்.

வெட்டுவதற்கு முன்னால் ரேயானோ பருத்தியோ ஒரு ராத்திரி தண்ணீரில் கிடக்க வேண்டும். முதல் சலவையில் சுருங்கும் துணி அது. முப்பத்தெட்டு இஞ்ச் நீளத்தில் தைத்ததை ஒரு இஞ்ச் சுருங்கிய பிறகு போட்டுப் பாருங்கள், கணுக்கால் எலும்புக்கு மேலே அரைகுறையாக நிற்கும். அதே மாதிரி, கீழ் மடிப்பை அன்றைக்கே அடிக்கக் கூடாது. விரிவான வெட்டில் பக்கவாட்டு ஓரங்கள் குறுக்கு வாட்டத்தில் வரும். அந்த இடத்தில் துணி தன் எடைக்கே நீளும். மேலே பட்டியைத் தைத்துவிட்டு இரண்டு கிளிப் போட்டு ராத்திரி முழுக்கத் தொங்கவிடுவேன். காலையில் பார்த்தால் ஓரங்கள் கால் இஞ்ச், அரை இஞ்ச் இறங்கியிருக்கும். அதைச் சமப்படுத்தி வெட்டிய பிறகுதான் மடிப்பு. தொங்கவிடாமல் தைத்த பலாஸோவை நான்கு சலவைக்குப் பிறகு பாருங்கள், இரண்டு பக்கமும் வால் முளைத்திருக்கும்.

பாலியெஸ்டர் கிரேப் நன்றாக விழும், சுருங்காது, இஸ்திரியும் வேண்டாம். ஆனால் மதுரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு மாசி வீதி சுற்றுவது தண்டனை. ஏசி உள்ள கல்யாண மண்டபத்துக்குச் சரி. லினன் பணக்காரத் துணி, கசங்கல் பிடிக்காதவர்கள் கிட்டே போகாதீர்கள். பருத்தியில் கெட்டி ரகம் விறைத்து நின்று ஆளை அகலமாகக் காட்டும். மெல்லிய ரகம், நாலைந்து சலவை கண்டது, அருமையாக விழும். கஞ்சி மட்டும் போட்டுவிடாதீர்கள். கஞ்சி போட்ட பலாஸோவோடு வந்த ஒரு அம்மாவை, வாசலில் நின்ற அவர் பேத்தியே, "ஆச்சி, ரெண்டு கூடாரம் நடந்து வருது" என்று கேலி செய்தாள்.

எனக்குப் பிடித்தது பழைய சுங்குடி. இந்த ஊர்ச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊர்ப் பெண்களின் பீரோ அதனால் நிறைந்திருந்தது. உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன சுங்குடிப் புடவையைக் கொண்டுவந்து, "கட்ட முடியலம்மா, தூக்கிப் போடவும் மனசில்ல" என்பார்கள். ஒரு புடவையில் ஒரு பலாஸோவும் ஒரு துப்பட்டாவும் தாராளமாகத் தேறும். கரையை எங்கே வைப்பது என்பதில்தான் வேலை. காலின் அடியில் கரை வந்தால் நெட்டையானவருக்கு எடுப்பாக இருக்கும். குட்டையானவருக்கு உயரத்தைக் குறுக்கில் கோடு போட்டு வெட்டிவிடும். குட்டையானவருக்குக் கரையை நெட்டாகப் பக்கத் தையலோடு ஓட விடுவேன். ஆனால் கரையை அடியில் வைத்தால் நூல் ஓட்டம் குறுக்காகிவிடும் என்பதை மறக்கக் கூடாது. புடவையின் பாவு நூல் நீளவாட்டில் ஓடுகிறது. கரை அடியில் வரும்போது ஊடை நூல்தான் மேலிருந்து கீழே தொங்கும், விழும் விதமே மாறும். சலவை கண்ட சுங்குடியில் அது பெரிதாகத் தெரியாது. புதுத் துணியில் தெரியும்.

வெறும் இரட்டைநாடி உடம்புக்காரர்கள்தான் பலாஸோவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்றில்லை. ஒத்தநாடி ஆட்களும் பயப்படுகிறார்கள். "கொடிக்கம்பில துணி மாட்டின மாதிரி இருக்கும்" என்று ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா வேண்டவே வேண்டாம் என்றார். அவருக்கு முன்பக்கம் இரண்டு பிளீட், பக்கத்துக்கு ஒன்றாக, சீட் வரைக்கும் தைத்து இறக்கி அங்கே அவிழ்த்துவிட்டேன். துணி கொஞ்சம் கனமான பருத்தி. வயிற்றில் சதை இல்லாதவருக்கு அந்தப் பிளீட் ஒரு உடம்பைக் கொடுக்கிறது. பருத்தவருக்கு நான் விலக்குகிற அதே சுருக்கத்தை அவருக்குத் தேடிப்போய் வைக்கிறேன்.

குட்டையானவர்களுக்கு விரிவைக் குறைப்பேன். கடையில் விற்பதில் பாதச் சுற்று முப்பத்தாறு இஞ்ச் வரை போகிறது. ஐந்தடிக்குக் குறைந்தவருக்கு இருபத்தாறு, இருபத்தெட்டு போதும். தொடையிலிருந்து நேராக இறங்க வேண்டும். மேலும் கீழும் ஒரே சாயல் நிறம் என்றால் உயரம் கூடித் தெரியும். ஒன்றில் பூ இருந்தால் மற்றது வெறுமனே இருக்கட்டும். நெட்டைக் கோடு உயரமாகக் காட்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அகலமான கோடாக இருந்தால் தொடையில் வளைந்து, எங்கே பருமன் என்று விரல் வைத்துக் காட்டிவிடும். மெல்லிய கோடு என்றால் சரி.

டாப்ஸ் விஷயத்தில்தான் எனக்கும் வாடிக்கையாளர்களுக்கும் நிரந்தரத் தகராறு. சீட் மறைய வேண்டும், முட்டி வரைக்கும் இறங்க வேண்டும், லூஸாகவும் இருக்க வேண்டும். கீழே பலாஸோவும் லூஸ். இரண்டும் லூஸாக இருந்தால் ஆள் எங்கே போனாள் என்று தேட வேண்டியதுதான். சின்ன டாப்ஸ் போடுங்கள் என்றால் கேட்க மாட்டார்கள், நான் வற்புறுத்துவதும் இல்லை. முப்பது வருஷம் முந்தானையை இழுத்துவிட்டுப் பழகிய கைக்கு அது கூச்சம். நடுவழி ஒன்று இருக்கிறது. நீளம் முப்பத்தாறு இஞ்ச் வரை இருக்கட்டும். தோளும் மார்பும் அளவாகப் பிடிக்கட்டும். பக்க வெட்டை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு இஞ்ச் மேலே, சீட் ஆரம்பிக்கிற இடத்திலேயே திறந்துவிடுவேன். நடக்கும்போது டாப்ஸ் விலகி பலாஸோவின் விழுகை பக்கத்தில் தெரியும், நின்றால் மூடிக்கொள்ளும். குடை மாதிரி விரியும் அனார்கலிக்குக் கீழே பலாஸோ கேட்டால் மட்டும் மறுத்துவிடுவேன். அதற்குக் கீழே சுடிதார் போடட்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு கவலை. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களின் உடை பற்றி அரசு ஆணை வந்தபோது பெண்களுக்குப் புடவை, துப்பட்டாவுடன் சல்வார் கமீஸ், சுடிதார் என்று எழுதியிருந்தது. அது சென்னைக் கோட்டைக்குத்தான் என்றாலும் இங்கே கிளார்க் வேலை பார்க்கும் ஒரு அக்கா பதறிக்கொண்டு வந்தார். "பலாஸோ சுடிதார்ல சேருமா, சேராதா?" துப்பட்டா போட்டுக்கிட்டு அளவான அகலத்துல தச்சா யாருக்கா டேப் வச்சு அளக்கப் போறாங்க என்றேன். அவருக்கு வெட்டியது இருபத்துநாலு இஞ்ச் பாதச் சுற்று. தூரத்திலிருந்து பார்த்தால் சல்வார், உட்கார்ந்தால் பலாஸோவின் சுகம்.

இந்த உடை இங்கே வந்து சேர்ந்த வழி விசித்திரமானது. 1960-இல் இத்தாலியில் இரேனே கலிட்சின் என்ற வடிவமைப்பாளர், பெரிய வீட்டுப் பெண்கள் மாலை விருந்துக்கு உடுத்தப் பட்டில் அகலக்கால் உடை ஒன்றைக் கொண்டுவந்தார். பலாஸோ பைஜாமா என்ற பெயர் அதற்குத்தான் வந்தது. அதற்கும் முன்னால் லக்னோப் பக்கத்தில் ஷராரா, கராரா என்று பாவாடைபோல விரியும் கால்சட்டைகள் கல்யாண உடையாக இருந்தன. எழுபதுகளில் நம் ஊர்ப் பையன்கள் தெருக் கூட்டிய பெல்பாட்டத்தை மாமா ஏகப்பட்டது தைத்திருக்கிறார். எங்கள் தெரு அம்மாக்களுக்கு இந்தக் கதை எதுவும் தேவைப்படவில்லை. புடவையிலிருந்து நைட்டிக்கு வந்து, வாசலில் யாராவது வந்தால் மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு சமாளித்து, மகள் கட்டாயத்தில் சுடிதாருக்கு வந்தார்கள். நடுவில் லெகிங்ஸ் வந்து எல்லோரையும் வதைத்தது. தொடையும் முட்டியும் அப்படியே தெரிகிற அதை வயதானவர்கள் சகித்துக்கொண்டது, வேறு எதுவும் கடையில் கிடைக்காததால்தான். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பலாஸோ கடைகளில் தொங்க ஆரம்பித்ததும், காலுக்குக் காற்று கிடைத்தது என்று பிடித்துக்கொண்டார்கள்.

முட்டி வலிக்காரர்களுக்கு இது வரம். முட்டியில் பெல்ட் மாட்டிக்கொண்டு அதற்கு மேலே பலாஸோ போட்டால் வெளியே தெரியாது. டாக்டரிடம் போனால் அவிழ்க்காமல் முட்டிக்கு மேலே சுருட்டிக் காட்டலாம். நரம்பு சுருண்டு காலில் சாக்ஸ் போடுகிறவர்கள், சாயங்காலம் பாதம் வீங்குகிறவர்கள் எல்லோரும் இதில்தான் தங்கினார்கள். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து வந்த ஒரு அம்மாவுக்கு இரண்டு காலுக்கும் நீளத்தில் அரை இஞ்ச் வித்தியாசம் இருந்தது. நிற்கவைத்து, போடுகிற செருப்பையே போடச் சொல்லி, ஸ்கேலைத் தரையில் நட்டு, ஒவ்வொரு காலுக்கும் தனியாகச் சாக்பீஸ் கோடு போட்டேன். தைத்ததை மேஜையில் விரித்தால் ஒரு கால் குட்டை. அவர் போட்டு நின்றால் இரண்டு ஓரமும் ஒரே மட்டம். என் உதவிக்கு இருக்கும் பெண், "அக்கா, தப்பா வெட்டிட்டீங்க" என்று அதைச் சரிசெய்யப் போனாள், நல்லவேளை பார்த்துவிட்டேன்.

நீளத்தில் நான் கண்டிப்பானவள். சினிமாவில் பலாஸோ தரையைத் துடைத்துக்கொண்டு போகும். அது ஹீல்ஸ் போட்டு, கார் கதவிலிருந்து வாசல் வரைக்கும் நடப்பவர்களுக்கு. டவுன் பஸ் படியில் ஏறுகிற அறுபது வயதுக்காரருக்கு ஓரம் தரையிலிருந்து இரண்டு இஞ்ச் மேலே நிற்க வேண்டும், கணுக்கால் தெரிந்தாலும் பரவாயில்லை. ஒரு காலின் ஓரத்தை இன்னொரு கால் மிதித்துத்தான் விழுகிறார்கள். டூவீலரில் பின்னால் உட்கார்ந்தால் துப்பட்டாவை மட்டும் சுருட்டிக்கொள்கிறார்கள், காற்றில் சக்கரத்துப் பக்கம் அடிக்கிற பலாஸோ ஓரத்தை மறந்துவிடுகிறார்கள். ஒருபக்கமாக உட்காரும் வழக்கத்தை விட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள், பலாஸோவில் அது முடியும் என்று சொல்லிக்கொடுப்பதும் என் வேலையாகிவிட்டது. ரயில் கழிப்பறை, கல்யாண மண்டபத்துப் பாத்ரூம் இதற்கெல்லாம் கீழே ஈரம் படாமல் இருக்க, காலின் உட்பக்கத்தில் முட்டி உயரத்தில் ஒரு சின்ன பட்டனும், கீழ் மடிப்புக்குள் ஒரு நூல் காதும் வைத்துக் கொடுக்கிறேன். சுருட்டி மாட்டிக்கொள்ளலாம். வெளியில் தெரியாது. இது கேட்டு வாங்கிப் போனவர்கள்தான் அடுத்த ஆளை அழைத்து வருகிறார்கள்.

பாக்கெட் வைக்கும் விதமும் ஒன்று உண்டு. புடவையில் இடுப்புச் செருகல் இருந்தது, சுருக்குப்பை இருந்தது. சுடிதாருக்கு வந்ததும் இரண்டும் போய், போனையும் சாவியையும் கையிலேயே பிடித்துக்கொண்டு திரிந்தார்கள். பலாஸோவில் பக்கத் தையலில் பாக்கெட் வைப்பது சுலபம். சும்மா வைத்தால் போனின் எடைக்குத் தையல் தொங்கி, சீட் பக்கத்தில் ஒரு கட்டி தெரியும். அதனால் பையின் மேல் ஓரத்தை மேலே கொண்டுபோய் இடுப்புப் பட்டியிலேயே பிடித்துவிடுவேன். எடை பட்டியில் ஏறும், பக்கத் துணி இழுபடாது. பை முன்பக்கம் சாய்ந்து தொடை மேலே படுக்கும். சுகர் மாத்திரை டப்பா, நாலு சாக்லேட், பஸ் சில்லறை, எல்லாம் அதில் போகும்.

கடைசியாக, இந்த ஒரு வேலையை மட்டும் ரெடிமேட் ஆட்கள் செய்யவே மாட்டார்கள். பின்பக்க நடுத் தையலில் மேலே ஒரு இஞ்ச் உள்துணி விட்டு வைப்பது. ஓவர்லாக் மிஷின் அந்த ஒரு இஞ்சைக் கத்தரித்துத் தள்ளிவிடும். நான் ஓரத்தை மட்டும் அடித்துவிட்டு மடித்துப் படிய வைத்திருப்பேன். இந்த வயதில் உடம்பு தைராய்டு மாத்திரைக்கு ஒருமாதிரி, சுகர் மாத்திரைக்கு ஒருமாதிரி, வருஷத்துக்கு வருஷம் மாறும். மாறினால் கொண்டு வாருங்கள் என்று சொல்லித்தான் பில் போடுகிறேன். பட்டியின் உள்பக்கம் இரண்டு இஞ்ச் தைக்காமல் வாய் விட்டிருப்பேன், எலாஸ்டிக் தளர்ந்தால் அந்த வழியாக உருவிவிட்டு வேறு கோர்த்துக்கொள்ளலாம், வீட்டிலேயே ஒரு ஊக்கை வைத்துச் செய்யலாம். ஆனாலும் என்னிடமே கொண்டு வருகிறார்கள். பிரித்துத் தைப்பதற்குக் கூலி வாங்குவதில்லை. எலாஸ்டிக் விலை மட்டும் உண்டு; அதற்கும் பேரம் பேசுவார்கள்.